பிறக்கும் முன்னே எடுத்த ஊசி

சித்திரபுரம்
அக்டோபர் 6, ஞாயிறு

சேசுவுக்குப் புகழ்.

அன்பு மகள் ரிஞ்சுவுக்கு அம்மா எழுதுவது. மாதா தயவில் இங்கே நானும் அப்பாவும் தம்பி வினோவும் எழுந்து நடமாடி அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளை ஜிதினும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டுக் கண்மூடித் தூங்குகிறீர்கள் என்று காதில் விழுந்தால் எங்களுக்கு அதுவே போதும். போன் இருக்கும்போது இந்த அம்மா ஏன் பேப்பரும் பேனாவும் எடுத்தாள் என்று நினைப்பாய். போனில் நீ சாப்பிட்டாயா என்று கேட்கிறாய், நான் சாப்பிட்டேன் என்கிறேன், நான் கேட்கிறேன், நீயும் சாப்பிட்டேன் என்கிறாய், அப்புறம் நீ அங்கே சுவரைப் பார்க்கிறாய், நான் இங்கே சுவரைப் பார்க்கிறேன், டூட்டிக்கு நேரமாச்சும்மா என்று வைத்துவிடுகிறாய். ஒன்பது வாரமாக இதேதான். கடிதம் என்றால் நான் சொல்ல வந்ததைச் சொல்லி முடிப்பேன், நீ நடுவில் மடித்து வைத்தாலும் பிறகு எடுத்துப் படிக்கலாம். உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லாத ஒன்று இருக்கிறது. முழுவதும் படித்துவிட்டு அப்புறம் என்னைத் திட்டு.

முதலில் வீட்டுச் சேதி. மழை விட்டுவிட்டது, ஆனால் எஸ்டேட் லயத்து வீட்டுச் சுவரில் ஈரம் இன்னும் காயவில்லை, அலமாரியைத் திறந்தால் பூசண வாடை. அப்பாவுக்கு அந்தப் பழைய இருமல்தான், முப்பத்தியொரு வருடம் பாக்டரியில் தேயிலைத் தூசியைக் குடித்தவர், இப்போது அடிமாலிக்கு டாக்டரிடம் வாருங்கள் என்றால் எனக்கு என்ன கேடு என்று கேட்டுவிட்டு நாலு முறை இருமுகிறார். நீ ஒரு வார்த்தை சொன்னால் போவார், நான் சொன்னால் அது காற்று. வினோவுக்கு ஜீப் ஓட்டம் நன்றாக இருக்கிறது, ஓணத்துக்கு வந்த கூட்டம் இன்னும் ஓயவில்லை, காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருகிறான், கழுத்தில் மஃப்ளர் சுற்று என்றால் சுற்றுவது இல்லை, டூரிஸ்டுகள் முன்னால் அது அவனுக்குக் கௌரவக் குறைச்சலாம். போன வாரம் யானை வந்து நம் வீட்டுக்குப் பின்னால் இருந்த இரண்டு வாழையையும் சாய்த்துவிட்டுப் போனது. குலை இன்னும் முற்றவே இல்லை, அதற்கும் பொறுமை இல்லை.

என் பின்னல் வேலைகளைப் பற்றி நீ எப்போதும் கேலி செய்வாய், ஒன்றை முடித்துவிட்டு ஒன்றை எடுக்கத் தெரியாதா அம்மா என்று. எனக்குத் தெரியாதுதான். கொழுந்து கிள்ளிவிட்டு வந்தால் கை சும்மா இருக்க மறுக்கிறது, ஒரே வேலையைப் பார்த்தால் கண் சலித்துப்போகிறது. இந்த வருடம் ஆணியில் ஐந்து பைகள் தொங்கின. ஒன்று மூணாற்றில் நிமியின் கடைக்குப் பின்னுகிற குல்லாக்கள். இரண்டாவது கோயில் பாட்டுக் குழுப் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸுக்குக் கொடுக்கப் பன்னிரண்டு மஃப்ளர். மூன்றாவது அப்பாவின் ஸ்வெட்டர், அதன் முதுகுப் பக்கம் போன கிறிஸ்துமஸுக்கே முடிந்தது, முன்பக்கம் எந்தக் கிறிஸ்துமஸுக்கு என்று அவர் கேட்கிறார். நாலாவது பக்கத்து வீட்டு அழகுத்தாயின் மகள் செல்வலட்சுமி கல்யாணத்துக்கு, பழைய சேலைகளைக் கட்டம் கட்டமாக வெட்டி ஒட்டுப்போட்டுத் தைக்கிற போர்வை. தை மாதம் கல்யாணம். பின்னுகிற வேலைக்கு என்னிடம் இருப்பது மூன்று ஜோடி ஊசிதான் என்று உனக்குத் தெரியும். ஒன்றில் ஊசி மாட்ட வேண்டும் என்றால் இன்னொன்றின் கண்ணிகளை எல்லாம் ஒரு நூலில் கோத்து வைத்துவிட்டு ஊசியை உருவ வேண்டும், பெரும்பாலும் பறிகொடுப்பது அப்பாவின் ஸ்வெட்டர்தான். எது எந்த வரிசையில் நிற்கிறது என்று மறந்துபோகும் என்பதால் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் அன்றன்றைக்கு எழுதி வைப்பேன்.

ஐந்தாவது பை எது என்று நான் உனக்குச் சொன்னதே இல்லை. அது உன் குழந்தைக்குப் பின்னிய ஸ்வெட்டர். மஞ்சள். மே மாதம் நீ ஸ்கேன் முடிந்து போன் பண்ணி, பொண்ணும்மா, கையை ஆட்டுச்சும்மா என்று சொன்னாயே, அதற்கு மறுநாள் காலையில் கண்ணி போட்டேன். ரிஞ்சு, பிறக்கும் முன்னே குழந்தைக்குப் புதுத்துணி எடுக்கக் கூடாது, தைக்கக் கூடாது, பின்னக் கூடாது, பிறந்த பிறகும் முதலில் பழந்துணிதான் சுற்ற வேண்டும் என்று நம் ஆட்களில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். உன் அத்தை ஏழாம் மாதத்தில் தொட்டில் வாங்கி வைத்தாள் என்று ஊர் முழுக்கக் கேட்கத் திட்டி, அதைக் கடைக்கே திருப்பிக் கொடுக்க வைத்தவள் நான். அப்படிப்பட்டவள்தான் யாருக்கும் தெரியாமல் ஊசி எடுத்தேன். செப்டம்பரில் உன்னிடம் வரும்போது பெட்டிக்கு அடியில் வைத்துக் கொண்டுவருவோம், பிறந்த பிறகுதான் வெளியே எடுப்போம், அதுவரை பெட்டிக்குள் கிடந்தால் இல்லாத மாதிரிதானே என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். அயர்லாந்துக் குளிர் என்று நீ சொல்லிச் சொல்லி, பிள்ளையின் முதுகு நடுங்குகிற மாதிரியே எனக்கு இருந்தது. அதுவும் உண்மை, ஆனால் பெரிய உண்மை என் ஆசைதான். அடக்க முடியவில்லை.

ஐந்து வேலை ஒன்றாக ஓடியது இந்தத் திருட்டுக்கு வசதியாகப் போயிற்று. காலையில் மஸ்டருக்குப் பேர் கொடுக்கப் போகும் முன் மஞ்சளில் நாலு வரிசை, யாராவது வாசலுக்கு வந்தால் அது மடிக்குள், கையில் குல்லா. அப்பா டிவி பார்க்கும்போது மேலே மஃப்ளர், அதற்கு அடியில் மஞ்சள். மஞ்சளில் இருந்து மட்டும் ஒருநாளும் ஊசியை உருவியதில்லை. ஜூனில் அழகுத்தாய் சேலைத் துண்டு போட வந்தவள் பை மாறிக் கையை விட்டுவிட்டாள். சுருட்டி வைத்திருந்ததை விரித்துப் பார்த்தாள். 'ஏட்டி கத்தரீனா, பெறாத பிள்ளைக்கு ஊசி எடுத்திருக்கியே, உனக்குப் புத்தி கெட்டா போச்சு? மூட்டை கட்டிப் பரண்ல போடுட்டி' என்றாள். நான் கூசாமல், இது நிமி கடைக்கு, டூரிஸ்ட் வாங்குவான் என்று சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

ஆகஸ்டில் ஜிதின் போன் பண்ணினார். அவர் வினோவிடம்தான் சொன்னார், வினோ முற்றத்தில் நின்று கேட்டுவிட்டு உள்ளே வந்து என் காலடியில் உட்கார்ந்தான், அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அதைப் பற்றி நான் எழுத மாட்டேன், உனக்குத் தெரியாதது அதில் ஒன்றும் இல்லை. வர வேண்டாம் என்றாய், நான் வரவில்லை. ஆனால் போன மாதம் ஜிதின் வினோவிடம் ஒன்று சொல்லியிருக்கிறார். நீ பழைய டூட்டி லிஸ்டை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, எந்தக் கிழமை எந்த நோயாளியைத் தூக்கினேன், எந்த ஷிப்டில் உட்காராமல் நின்றேன் என்று தேதி தேதியாகப் பார்க்கிறாயாம். பிள்ளையின் கழுத்தில் கொடி சுற்றிக்கொண்டது, யாரும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொல்லியும், நீயே நர்ஸாக இருந்தும், லிஸ்டை மூடுவதில்லையாம். அதைக் கேட்டதும் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். ஏன் தெரியுமா, இங்கே நானும் அதையேதான் செய்துகொண்டு இருந்தேன். காலண்டர் தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, எந்தத் தேதியில் கழுத்தை முடித்தேன், எந்தத் தேதியில் இடது கை, என்று. அசைவு இல்லை என்று நீ ஆஸ்பத்திரிக்குப் போனது செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமைத் தாளில், மஞ்சள் வலது கை எட்டு வரிசை என்று என் கையெழுத்தில் இருக்கிறது. அந்தத் தாளை எத்தனை தடவை பார்த்தேன் என்று மாதாவுக்குத்தான் தெரியும். நீ உன்மேல் போட்டுக்கொள்கிற பழி என்னுடையது என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்தேன். உன்னிடம் சொல்லிவிட்டால் நீயாவது லிஸ்டை மூடுவாய் என்று தினமும் நினைப்பேன், நீ போனில் வந்தால் வாயைத் திறக்க முடியாது. என் மகள் என்னை வெறுத்துவிட்டால் என்ன செய்வேன் என்ற பயம். அதுதான் சுயநலம், மன்னித்துக்கொள்.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு எந்தப் பையையும் நான் தொடவில்லை. மஞ்சளைக் கண்ணில் படாமல் குல்லாப் பைக்குள் அடியில் திணித்து வைத்தேன். ஓணக் கூட்டத்துக்கு நிமிக்குக் குல்லா வேண்டும் என்று வினோவிடம் கேட்டிருக்கிறாள், நான் தேயிலைக் காட்டில் கொழுந்து கிள்ளிக்கொண்டு இருக்கிற நேரத்தில் அவன் பையை அப்படியே எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டான். அவன்மேல் தப்பில்லை, அவனுக்கு உள்ளே இருந்தது தெரியாது. மறுநாள் நிமி போன் பண்ணுகிறாள். 'சேச்சி, மஞ்சக் குட்டி ஸ்வெட்டர் ஒண்ணு வந்திருக்கு, நல்ல ரசமாட்டு இருக்கு, ஒரு கை மட்டும் பாக்கி. அத வேகம் தீர்த்துத் தந்தா மதி, கடையில ரெண்டு பேரு சோதிச்சாச்சு' என்கிறாள், அந்தக் கையைச் சீக்கிரம் முடித்துக் கொடுத்தால் போதுமாம், அதற்குள் இரண்டு பேர் கேட்டுவிட்டார்களாம். போனை வைத்துவிட்டு, கூடையை அப்படியே அழகுத்தாயிடம் தள்ளிவிட்டு, கங்காணி கேட்டால் வயிற்றுவலி என்று சொல்லச் சொல்லி, காட்டுச் செருப்போடு வருகிற ஜீப்பை மறித்து ஏறிவிட்டேன்.

கடை வாசலில் குல்லாக்களுக்கு நடுவே அதை ஒரு ஹேங்கரில் மாட்டியிருந்தாள். ஒரு கை தொங்கியது, மற்ற கை இருக்க வேண்டிய இடத்தில் கண்ணிகளோடு ஊசி குத்தி நின்றது. ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும், இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு அதன் முதுகில் இந்த ஸ்வெட்டரை அளவு வைத்துப் பார்த்துக்கொண்டு இருந்தாள். அந்தக் குழந்தை கையை நீட்டி நூலைப் பிடித்து வாயில் வைத்தது. நான் போய் அதைப் பிடுங்கினேன் ரிஞ்சு. ஒரு வார்த்தை சொல்லாமல், நாகரிகம் இல்லாமல், பிள்ளையின் கையில் இருந்து பிடுங்கிவிட்டேன். குழந்தை வீறிட்டது. நிமி ஓடிவந்து, எந்தா சேச்சி, இது ஆர்க்கு என்று கேட்டாள். எங்கள் ரிஞ்சுவுக்கு என்றேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது, டவுனில் நான் யாரிடமும் சொல்லவில்லை. முகமெல்லாம் சிரிப்பாக, ரிஞ்சுவுக்கு விசேஷமா, எப்போ டேட்டு என்று கேட்டாள். கடை நிறைய ஆட்கள். நான், முடிஞ்சு போச்சு நிமி என்று மட்டும் சொன்னேன். அவள் முகம் மாறியதை நான் பார்க்கவில்லை, குனிந்துகொண்டேன். அவள் அந்தப் பெண்ணிடம் போய், அது விலைக்கு இல்லை மோளே என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, அழுகிற பிள்ளைக்கு ஒரு சிவப்புக் குல்லாவை எடுத்துப் போட்டுவிட்டாள். என்னை உள்ளே உட்காரவைத்துக் கட்டன் சாயா போட்டுக் கொடுத்தாள். ஆகஸ்டிலிருந்து அன்றைக்குத்தான் நான் வாய்விட்டு அழுதேன். ஒரு கடையின் பின்கட்டில், குல்லா மூட்டைமேல் உட்கார்ந்து.

திரும்பி வந்தபோது அழகுத்தாய் குழாயடியில் குடத்தோடு நின்றாள். அவளை நான் ஒரு மாதத்துக்கு மேலாகத் தவிர்த்துக்கொண்டு இருந்தேன், நான் அப்பமே சொன்னேம்லா என்று ஒரு சொல் அவள் வாயிலிருந்து வந்துவிட்டால் நான் செத்தேன் என்று. போர்வை வேலையும் அதனால்தான் நின்றது. அன்றைக்கு எனக்கு ஒளிக்கத் தெம்பில்லை. மஞ்சளை அவள் முன்னால் நீட்டி, நீ சொன்னது பலிச்சிட்டு, என் பிள்ளையோட பிள்ளையை நான்தான் கொன்னுட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவள் குடத்தைக் கீழே வைத்தாள். என்ன சொன்னாள் என்பதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன். 'வாயக் கழுவுட்டி. செல்விக்கு முன்னால எனக்கு ஒண்ணு பெறந்துச்சே, உனக்குத் தெரியுமா? நீ அப்பம் இந்த லயத்துக்கு வரல. நான் ஒரு துணி எடுக்கல, ஒரு நூலு தொடல, பழந்துணிகூடக் கிழிச்சு வைக்கல, மாமியா சொன்னதெல்லாம் அப்படியே கேட்டேன். அப்படியும் போச்சு. நான் எந்த ஊசி மேலட்டி பழி போடுவேன்? யாரு மேலயும் போட முடியாம முப்பது வருசமா நான் இருக்கேம்லா. நீயும் இரு' என்றாள். சொல்லிவிட்டுக் குடத்தை எடுக்காமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் அது பாட்டுக்கு வழிந்து ஓடியது.

அதைக் கேட்டதும் என் மனசு தெளிந்துவிட்டது என்று சொன்னால் பொய். இப்போதும் செவ்வாய்க்கிழமை வந்தால் காலண்டர் பக்கம் கண் போகிறது. ஆனால் எல்லாக் கட்டும் காத்தவளுக்கும் போயிருக்கிறது, கட்டை மீறிய எனக்கும் போயிருக்கிறது, நோயாளியைத் தூக்கியதால் என்று நீ தேடுகிறாய், தூக்காத எத்தனையோ பேருக்கும் போயிருக்கும். காலண்டர் தாள்களை அடுப்பில் போட்டுவிட்டேன். நீயும் அந்த லிஸ்டைப் போட்டுவிடு ரிஞ்சு. உன் டூட்டியும் இல்லை, என் ஊசியும் இல்லை. இதை நம்புவதற்கு எனக்கு இத்தனை நாள் ஆயிற்று, உனக்கு இன்னும் ஆகும், பரவாயில்லை, ஆனால் தேடுவதை நிறுத்து.

ஸ்வெட்டரை முதலில் பிரித்துவிடலாம் என்று நுனியை எடுத்தேன். அப்பா பார்த்துக்கொண்டு இருந்தார் போலிருக்கிறது. அவருக்கு மே மாதத்திலேயே தெரியுமாம், மஃப்ளருக்கு அடியில் மஞ்சள் நூல் ஓடுவது தெரியாமல் நான் என்ன குருடனா என்று கேட்டார். தெரிந்தும் தடுக்கவில்லை, அவருக்கும் ஆசை. 'பிரிக்காத கத்தரீனா, அந்தக் கையையும் போட்டு முடி, பிள்ளைக்கு எடுத்தத மூளியா விடாத' என்று சொல்லிவிட்டு இருமிக்கொண்டே வெளியே போய்விட்டார். வலது கையை முடித்துவிட்டேன். யாருக்கும் கொடுக்க மாட்டேன், விற்க மாட்டேன். உனக்கு வேண்டும் என்றால் அனுப்புகிறேன், பார்க்க முடியாது என்றால் என் பெட்டியிலேயே இருக்கட்டும், இப்போதே சொல்ல வேண்டியதில்லை, எந்த வருடம் கேட்டாலும் கிடைக்கும். போர்வையை இப்போது நானும் அழகுத்தாயுமாக ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தைக்கிறோம். அவள் தையல் கோணல், நான் சொன்னால் கேட்பதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். பச்சை உடம்பு என்று அங்கே யாரும் சொல்லித்தர மாட்டார்கள், பிள்ளை கையில் இல்லை என்றாலும் நீ பெற்றவள்தான், சூடாகச் சாப்பிடு, காதை மூடிக்கொள், குளிர்ந்த தண்ணீரில் கை வைக்காதே. ஜிதினிடம் கோபப்படாதே, ஆண்பிள்ளைகள் அழுவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போவார்கள், அவரையும் ஒரு நாள் உட்காரவைத்து அழவிடு. நான் வர வேண்டும் என்று தோன்றினால் வா என்ற ஒரு சொல் போதும்.

இன்னும் ஒன்று. நேற்று கல்லறைத் திருநாளுக்காக, கோயில் காரியம் பார்க்கிற கோயில்பிள்ளையிடம் இறந்தவர்கள் பெயர் கொடுக்கப் போனேன். நவம்பர் இரண்டாம் தேதிப் பூசையில் வாசிப்பார்கள். என் அப்பா, என் அம்மா, உன் ஆச்சி, தாத்தா என்று சொல்லிக்கொண்டு வந்தேன், அவர் எழுதினார். அப்புறம் ஒரு வரி இடம் விடுங்கள் என்றேன். யாருக்கு என்று கேட்டார். என் பேத்திக்கு என்றேன். அந்தச் சொல்லை நான் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. ஞானஸ்நானம் வாங்காத பிள்ளையாச்சே என்று அவர் பேனாவை நிறுத்தினார், நான் நேரே பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டேன், பேரு கொண்டுவாங்க, நானே வாசிக்கிறேன் என்று அவர் சொன்னார். ஆனால் ரிஞ்சு, எனக்குப் பெயர் தெரியாது. நீங்கள் வைத்தீர்களா என்று ஒன்பது வாரமாக நான் கேட்கவே இல்லை, சாப்பிட்டாயா என்றுதான் கேட்டேன். அங்கே மண்ணில் நட்டிருக்கிற கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்றும் எனக்குத் தெரியாது. வைத்திருந்தால் அந்தப் பெயரை எனக்குச் சொல். வைக்கவில்லை என்றால் நீயும் ஜிதினும் உட்கார்ந்து ஒன்று வையுங்கள், உங்களுக்குப் பிடித்த எதுவாக இருந்தாலும் சரி. போனில் சொல்ல முடியவில்லை என்றால் எழுத்தில் அனுப்பு. இந்த மாதம் முப்பதுக்குள் வர வேண்டும், மறந்துவிடாதே, அந்த வரி காலியாக இருக்கிறது.

மாதா உன்னையும் மாப்பிள்ளையையும் தன் முந்தானைக்குள் வைத்துக்கொள்ளட்டும். அப்பா உன் நெற்றியில் சிலுவை போட்டதாக எழுதச் சொன்னார். வினோ கேட்டதாகச் சொல்லச் சொன்னான்.

இப்படிக்கு,
உன் அம்மா,
அந்தப் பிள்ளைக்கு அம்மாச்சி,
கத்தரீனாள்